முதுகுப் பக்கம்

மறியல் நாட்களில் நீ உருவானாய்.
எல் ஆல்தோவில் பஸ் இல்லை, மினிபஸ் இல்லை,
டயர் எரிந்த புகை சேஹாச் சந்திப்பின் மேல் நின்றது.
வண்டி எடுக்க வழியில்லாத உன் அப்பன் ருஃபினோ
நான்கு நாளும் வீட்டில் இருந்தான்.
கதை அவ்வளவுதான்.
இதில் நிலா இல்லை.

நர்ஸ் காலிசாயா தாளில் வரைந்து காட்டினாள்:
கோடிக்கணக்கில் கிளம்பியவை,
கொஞ்சம் போய்ச் சேர்ந்தவை,
உள்ளே விடப்பட்டது ஒன்று.
உடனே கதவு சாத்திக்கொண்டதாம்.
அந்தக் கதவை எனக்குத் தெரியும்.
மஞ்சள் தடத்தின் கடைசி நிலையத்தில்
கேபிள் கார் வாசலில் நிற்பதுதான் என் வேலை.
பத்துப் பேர் ஏறியதும் கையை நீட்டுவேன்.
பதினோராவது ஆள் எவ்வளவு கெஞ்சினாலும்
அடுத்த பெட்டி.

ஆனால் உன்னில் பாதி அதற்கும் முந்தியது.
வனுனி முகாமில் என் அம்மா
வெள்ளீயக் கல் உடைத்துக்கொண்டிருந்தபோது
அவள் வயிற்றில் நான்.
என் வயிற்றில்,
கினோவா மணியைவிடச் சிறிதாய், நீ.
சுரங்கத்தில் வெடி வைத்தபோதெல்லாம்
மூன்று பேர் அதிர்ந்தோம்.
எட்டு மாதம் என்று ஊர் சொல்லட்டும்,
உனக்கு என் வயது.

உனக்கு முன் ஒன்று வந்தது.
ஒன்பது வாரம்.
அடிக்கத் தொடங்கிய இதயம்
வேண்டாமென்று முடிவு செய்ததுபோல் நின்றது.
மறுநாள் மாலைப் பணிக்குப் போனேன்.
பெட்டிகள் வந்தன, போயின.
ஒன்று காலியாக வந்தது.
அதற்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இந்த உயரத்தில் காற்று மெலிது.
கீழிருந்து வருகிறவர்கள் நாலு படி ஏறி
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.
நீயோ அதைவிட மெலிந்த காற்றில்,
எவரும் கூடாரம் போடாத சிகரத்தில் குடியிருக்கிறாய்.
எல்லாக் கருவும் அப்படித்தானாம், கடற்கரைக்காரியின் கருவும்.
மலைக்காரியின் பிள்ளை
மலைமேல் இன்னொரு மலை ஏறுகிறது.

என் ரத்தம் உன் ரத்தத்தைத் தொடுவதே இல்லை.
ஏறும் பெட்டியும் இறங்கும் பெட்டியும்
நடுவானில் கடப்பதுபோலக் கடக்கின்றன.
அந்த ஒரு நொடியில்
கண்ணாடி வழியாகவே ரொட்டியைக் கொடுத்துக்
குப்பையை வாங்கிக்கொள்கிறேன்.

உன் கை முதலில் வெறும் துடுப்பு.
விரல்களுக்கு நடுவே இருந்த தோல்
தானே செத்து வழிவிட்டது,
சாவுதான் விரலைச் செதுக்கும் என்றாள் காலிசாயா.
எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.
வீட்டுக்கு வந்து என் கையை விரித்துப் பார்த்தேன்.
இடைவெளிகளில் ஜன்னல் வெளிச்சம்.

கட்டைவிரலில் ரேகைகூட விழுந்துவிட்டதாம்,
இன்னும் எந்தக் கடன் பத்திரத்திலும் அழுத்தாத ரேகை.
நீயே பெய்து நீயே குடிக்கிறாய்,
கொஞ்சமும் வெட்கமில்லை.

இப்போது விக்குகிறாய்.
வரிசையில் ஆட்கள் நிற்க
என் சீருடைப் பொத்தான் துள்ளுகிறது.
யார் நினைக்கிறார்கள் உன்னை?
உன்னைத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே.

அய்மராக்காரர்கள் நாங்கள்.
எங்களுக்குப் போன காலம் கண்ணெதிரே இருக்கிறது,
பார்த்தாகிவிட்டதல்லவா.
வரும் காலம் முதுகுக்குப் பின்னால்.
பார்க்காதது எப்படி முன்னால் நிற்கும்?
அப்படியானால் நீ ஏன் முன்னால் இருக்கிறாய்,
நான் பார்க்காத நீ,
என் காலணி நாடாவைக்கூட மறைத்துக்கொண்டு?

சிவப்பும் பச்சையும் கோடு போட்ட அவாயோத் துணியை
ருஃபினோ இப்போதே வாங்கி வந்துவிட்டான்.
பேரம் பேசத் தெரியாமல்
இருபது பொலிவியானோ கூடக் கொடுத்திருக்கிறான்.
மாதம் முடியட்டும்.
அதில் உன்னைச் சுற்றி, ஓர் உலுக்கு உலுக்கி,
இருக்கவேண்டிய இடத்துக்கு மாற்றிவிடுவேன்.

திரும்பிப் பார்க்க முடியாது.
மூச்சு மட்டும்
பிடரியில் படும்.